கரை வந்த வடம் வாசல் வரட்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். செயற்குழுவினர் பெருந்தன்மையோடு "உங்களுக்கு விருப்பமான விடயத்தைப் பேசுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே, சீனியைக் குறையுங்கள், நடவுங்கள் என்ற புத்திமதியை இந்த ஒரு வசனத்தில் சொல்லி என் தொழிற்கடமையை முடித்துக்கொண்டு, கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி நூலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இந்த நேரத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது ஆகாயத்தால், செய்மதி வழியாகப் போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கண்டங்களுக்கு இடையிலான தகவல் போக்குவரத்தில் 95 வீதத்துக்கும் அதிகமானது கடலடி வடங்களால்தான் போகிறது. நெல்லியடியில் உங்கள் கைத்தொலைபேசிக்கும் பக்கத்துக் கோபுரத்துக்கும் இடையில் மட்டுமே காற்று. அதற்கு அப்பால் நிலம் வழியாகக் கண்ணாடி இழை, பிறகு தெற்கே ஒரு கடற்கரை, பிறகு கடல்.

எந்த இணைப்பைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. அது கடைசி ஆள்வரை போய்ச் சேருகிறதா? அது அறுந்தால் வேறு வழி உண்டா? வடத்துக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். நூறு வயதான ஒரு சங்கத்துக்கும் பொருந்தும்.

வடமராட்சிப் பெண்களுக்குக் கடல் புதிதல்ல. வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குச் சிறு வயதிலேயே மணலில் கால் புதையப் புதைய நடந்தவர்கள் நாம். பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் கிளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இங்கிருந்து கோடிக்கரை ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான்; கொழும்பு அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். நமக்குக் கடல் ஒரு காலத்தில் தெருவாக இருந்தது. ஆனால் தூரம் குறைவு என்பதற்காக மட்டும் இணைப்பு வந்துவிடுவதில்லை. அதை யாராவது போட வேண்டும், அறுந்தால் யாராவது பொருத்த வேண்டும்.

இந்தக் கதையைத் தொடக்கி வைத்தவர்களில் வைத்தியர்கள் இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமை. வில்லியம் புரூக் ஓஷோனசி என்ற அயர்லாந்து வைத்தியர் 1831 ஆம் ஆண்டில் வாந்திபேதி நோயாளரின் இரத்தத்தைப் பரிசோதித்தார். அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டு, அவற்றை நாளத்தினூடாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாற்றா என்ற வைத்தியர் அதைச் செய்து காட்டினார். இன்று வாட்டில் நாங்கள் ஏற்றும் சேலைனின் தொடக்கம் அதுதான். ஓஷோனசி பிறகு கல்கத்தாவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்துக்கொண்டே 1839 இல் தந்திக் கம்பிகளைப் பரீட்சித்தார். ஹூக்ளி ஆற்றின் அடியிலும் கம்பியைப் போட்டுப் பார்த்தார். 1850களில் இந்தியத் தந்திச் சேவையின் தலைவராகி, கல்கத்தாவையும் ஆக்ராவையும் பம்பாயையும் சென்னையையும் இணைத்தார். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அந்தக் கம்பிவலை மன்னார் வழியாகக் கடலைக் கடந்து இலங்கையையும் தொட்டது. அயல்நாட்டோடு இந்தத் தீவுக்கு இருந்த முதல் மின்னிணைப்பு வடக்குக் கரையால்தான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்துக்கு வருகிறேன்.

கடலுக்குள் போடும் கம்பியை உப்புநீர் தீண்டாமல் எதனால் மூடுவது? அதற்கும் ஒரு வைத்தியர் உதவினார். சிங்கப்பூரில் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த வில்லியம் மொன்ற்கொமெரி, மலாய் மக்கள் கத்திப் பிடிகளுக்குப் பயன்படுத்திய கட்டாபேர்ச்சா என்ற மரப்பாலை 1843 இல் லண்டனுக்கு அனுப்பினார். மருத்துவக் கருவிகளுக்கு உதவும் என்பது அவருடைய எண்ணம். அது நீரில் கெடாத நல்ல மின்காவலி என்று தெரியவந்ததும் கடலடிக் கம்பிகள் எல்லாம் அதனால் மூடப்பட்டன. பல் வேரைச் சுத்தம் செய்து அடைக்கும்போது பல் வைத்தியர் இன்றும் கட்டாபேர்ச்சாவைத்தான் வைக்கிறார். இங்கே இருப்பவர்களில் சிலருடைய வாய்க்குள்ளும் பழைய கடலடித் தந்தியின் உறவுக்காரர் ஒருவர் இருக்கக்கூடும்.

கண்ணாடி இழையும் முதலில் வயிற்றுக்குள்தான் போனது. உயர்தர வகுப்புப் பௌதிகவியலில் முழுவுட்தெறிப்பு படித்த ஞாபகம் உங்களில் பலருக்கு இருக்கும். அவதிக் கோணத்தைத் தாண்டிச் சரிந்து படும் ஒளி கண்ணாடியைவிட்டு வெளியே போகாமல் உள்ளேயே தெறித்துத் தெறித்துச் செல்லும். மின்சாரம் இல்லாத நாட்களில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் நாங்கள் அந்தக் கணக்குகளைச் செய்தோம். அதே விதியைக் கொண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் பசில் ஹேர்ஷோவிற்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் வளையக்கூடிய இரைப்பை உட்காட்டியைச் செய்தார்கள். 1957 இல் அவர் முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். ஆனால் அந்தக் காலத்துக் கண்ணாடியில் ஒளி சில மீற்றர்களிலேயே மங்கிவிடும். வயிற்றைப் பார்க்க அது போதும், கடலைக் கடக்கப் போதாது.

கண்ணாடியிலுள்ள அழுக்குகளை நீக்கினால் ஒளி பல கிலோமீற்றர் போகும் என்று 1966 இல் எழுதியவர் ஷங்காயில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்த சார்ள்ஸ் காவோ. அதற்காக 2009 இல் அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்டிருந்தார். நோபல் உரையை அவருக்காக மனைவி குவென் வாசித்தார். உலகத்தின் பேச்சையெல்லாம் கடல் கடக்கவைத்தவருக்குத் தன் பேச்சைச் சபைக்குக் கொண்டுசேர்க்க அருகில் ஒருவர் தேவைப்பட்டார்.

இன்றைய கடலடி வடத்தைக் கையில் எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆழ்கடலில் அது வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் தடிப்புத்தான். அதன் நடுவில் தலைமயிர் அளவான சில இழைகள். சுற்றிவர உருக்குக் கம்பி, செப்பு, பொலிதீன். கரைக்குக் கிட்ட, நங்கூரமும் வலையும் படும் இடங்களில் மட்டும் மேலதிக உருக்குக் கவசம் போடுவார்கள். எவ்வளவு தூய கண்ணாடி என்றாலும் 100 கிலோமீற்றர் போனபின் புறப்பட்ட ஒளியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் நீண்ட வடங்களில் இடைக்கிடை பெருக்கிகளை வைத்து, தளர்ந்த ஒளிக்குப் பலம் கொடுக்கிறார்கள். அவற்றுக்குத் தேவையான மின்சாரத்தைக் கரையிலிருந்து அதே வடத்தினூடாக அனுப்புகிறார்கள்.

உலகத்தில் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையான இடங்களில் இந்த வடங்கள் பழுதாகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களும். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை எங்கள் ஸ்கான் பரிசோதனையைப் போன்றது. கரையிலிருந்து ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளப்பார்கள். கண்ணாடியில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் போகும். எதிரொளி ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்தால் காயம் 100 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பிறகு ஒரு கப்பல் போய், கொளுக்கியால் முனைகளைத் தூக்கி, புதிய துண்டு வைத்து இழையோடு இழையை உருக்கிப் பொருத்தும். பொருத்திய இடத்தை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்துத்தான் கடலில் இறக்குவார்கள். எலும்பு முறிவுக்கு நாங்கள் செய்வதிலிருந்து அதிக வித்தியாசமில்லை.

இனி எங்கள் நாட்டின் கதை. தென்கிழக்காசியாவிலிருந்து மத்திய கிழக்கு வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குப் போன முதல் சீ-மீ-வீ வடம் 1986 இல் கொழும்பைத் தொட்டது. அது செப்பு வடம். 1994 இல் ஒளியிழையாலான இரண்டாவது வந்தது. மூன்றாவது கல்கிசையில் கரையேறியது. நான்காவது 2005 இல் கொழும்புக்கும், ஐந்தாவது 2016 இல் மாத்தறைக்கும் வந்தன. எல்லாம் மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும்.

2004 ஓகஸ்ட் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டுக் கடலடி வடம் அறுந்தது. ஒரே ஒரு நங்கூரத்தால் இந்த நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பகுதியும் நின்றுபோயின. நான் கேட்ட இரண்டாவது கேள்வியை, வேறு வழி உண்டா என்பதை, நாடு முழுவதும் அன்று கேட்டது.

2006 இல் அயல்நாட்டோடு ஒரு நேரடி வழி திறந்தது. இந்தியாவின் பாரத் சஞ்சார் நிகாமும் ஸ்ரீலங்கா ரெலிகொமும் சேர்ந்து தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே பாரத்-லங்கா என்ற ஒளியிழை வடத்தைப் போட்டன. நீளம் 300 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ அதே காலத்தில் மாலைதீவுக்கும் இங்கிருந்து ஒரு வடம் போனது. அயலவர் மூவரும் ஆளுக்காள் கைகொடுத்த நல்ல காரியம் அது.

ஆனால் 2006 என்று சொன்னவுடன் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு விடயம் ஞாபகம் வரும். அந்த ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டது. இரண்டு நாடுகளுக்கு இடையில் ஒளி பாயத் தொடங்கிய அதே ஆண்டில், யாழ்ப்பாணத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்குத் தரைவழியாகப் போக முடியவில்லை. அதற்கு முன்பு, 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின், தொலைபேசியும் மின்சாரமும் இல்லாமலே இங்கு ஒரு தலைமுறை படித்தது. நான் அந்தத் தலைமுறை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். "தொலைபேசியின் பயன்கள்" என்று கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியவர்களில் பலர் அதுவரை தொலைபேசியைக் கையில் தொட்டதேயில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு ஓர் அழைப்பில் பேச வேண்டுமென்றால் தாய் கிளாலிக் கடலைக் கடந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். அந்தக் காலம் முழுவதும் சீ-மீ-வீ வடம் கொழும்புக் கரையில் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

1850களில் மன்னார் வழியாக வடக்கால் வந்த இணைப்பு, எங்கள் காலத்தில் தெற்கால் சுற்றிக்கொண்டு, கடைசியாகத்தான் எங்களிடம் வந்தது. இதை யார்மீதும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நாடு இணைந்துவிட்டது என்ற செய்தி பத்திரிகையில் வரும் நாளும், கரவெட்டியில் ஓர் அம்மா தன் மகளின் குரலைக் கேட்கும் நாளும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு மட்டும் நடந்ததுமல்ல. பசிபிக் கடலில் தொங்கா என்ற சிறு தீவுநாடு இருக்கிறது. எங்களைப் போலவே அவர்களிலும் ஏராளமானோர் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்கிறார்கள். 2022 ஜனவரி 15 ஆம் திகதி எரிமலை வெடித்தபோது, அயல்நாடான பிஜியோடு அவர்களை இணைத்த ஒரே கடலடி வடம் அறுந்தது. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வெளிநாட்டுப் பிள்ளைகள் நாட்கணக்காகத் தவித்தார்கள். ஐந்து வாரங்களின்பின் தலைநகருக்கு இணைப்பு திரும்பியது. நாட்டுக்குள்ளேயே தூரத்துத் தீவுகளுக்குப் போகும் வடம் சரியாக 2023 ஓகஸ்ட் ஆகிவிட்டது. தலைநகருக்கு ஐந்து வாரம், ஓரத்துத் தீவுக்கு ஒன்றரை ஆண்டு.

நீரிழிவு நோயாளியின் காலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெருநாடி நன்றாக ஓடலாம், இதயம் நன்றாக அடிக்கலாம், ஆனால் இரத்தம் நுனிவரை போகாவிட்டால் விரல் கறுத்துவிடும். சில நோயாளிகளுக்கு, பெரிய குழாய் மெல்ல மெல்ல அடைபட்டாலும், சுற்றியிருக்கும் சிறு குழாய்கள் பெருத்து வேறு வழியால் இரத்தத்தைக் கொண்டுபோகும். துணைச் சுற்றோட்டம் என்போம். அது ஒரு நாளில் வருவதில்லை. முன்கூட்டியே மெல்ல வளர்ந்திருந்தால்தான் ஆபத்து நேரத்தில் காலைக் காப்பாற்றும்.

இன்று எங்கள் வாட்டில் சத்திரசிகிச்சைக்கு முன்பு ஓர் அம்மாவின் தலையணையில் கைத்தொலைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மகன் கனடாவில், மகள் பிரான்ஸில். நான் சொல்வதை வட்ஸ்அப்பில் இருவரும் கேட்டு, கேள்வி கேட்டு, அம்மாவுக்குத் தைரியம் சொல்வார்கள். கையொப்பம் வைக்கும் அம்மாவின் கை அதன்பிறகு நடுங்குவதில்லை. அடுத்த கட்டிலில் இன்னொரு அம்மா இருப்பார். அவருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில்தான். ஆனால் அவரிடம் இருப்பது பழைய தொலைபேசி, அல்லது காசு போடாத தொலைபேசி, அல்லது அதை இயக்கிக் காட்ட ஆளில்லை. இரண்டு கட்டில்களுக்கும் இடையில் மூன்றடி. கடலடி வடம் இருவருக்கும் ஒன்றுதான்.

பாடசாலைப் பிள்ளைகளின் நிலையும் இதுவே. கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடியிருந்தபோது, மலைப்பகுதிக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறையிலும் மரத்திலும் ஏறிப் படித்தார்கள். இங்கே ஏற மலை இல்லை. ஒரு தொலைபேசியை மூன்று சகோதரங்கள் பங்கிட்டுப் படித்த வீடுகள் இருந்தன. முதலில் அண்ணா, பிறகு தம்பி, மிச்சம் இருந்தால் தங்கச்சி என்ற ஒழுங்கும் இருந்தது. பெண்பிள்ளைகளைப் படிப்பித்த பாடசாலையின் பழைய மாணவிகளாகிய நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஆகவே நூற்றாண்டுக்காக மூன்று வேலைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, பாடசாலையில் எந்தப் பிள்ளையும் வகுப்பு முடிந்தபின் இருந்து படிக்கக்கூடிய, நல்ல இணைய வசதியுள்ள ஓர் அறை. கணினி வாங்கித்தர நம்மில் பலர் உடனே முன்வருவோம், படமும் எடுப்போம். மாதாந்தக் கட்டணத்தை யார் கட்டுவது, பழுதானால் யார் திருத்துவது, மாலையில் திறந்து வைத்திருப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? பத்து ஆண்டுகளுக்கு அந்தச் செலவைப் பொறுப்பெடுக்கும் நிதி ஒன்று வேண்டும். அதற்குப் பெயர்ப்பலகை கிடைக்காது. ஆனால் அறை இருட்டாகாது.

இரண்டாவது, உங்கள் நேரம். நெல்லியடியில் சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. தேநீர் குடித்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் ஆங்கிலமோ கணிதமோ சொல்லிக்கொடுக்கலாம். தாதியாக, பொறியியலாளராக, கணக்காளராக, கடை நடத்துபவராக என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னாலே போதும். பணம் அனுப்புவது பெருநாடி. வாராவாரம் ஒரு பிள்ளையோடு பேசுவது அந்தச் சிறு குழாய். இப்போதிருந்தே வளர்த்தால்தான் இடர் வரும்போது அது கைகொடுக்கும்.

மூன்றாவது, எங்கள் ஞாபகங்களுக்கும் ஒரு மாற்றுவழி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே பிரதியாக இருந்த ஏடுகளும் நூல்களும் ஒரேயடியாகப் போயின. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் எத்தனை வீட்டு அல்பங்கள் போயின என்று உங்களுக்கே தெரியும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை யாரும் எங்கிருந்தும் வாசிக்கும்படி சேர்த்து வருகிறது. இந்த மலரும் அங்கே போகட்டும். எங்களிடையே இருக்கும் மூத்த அக்காமாரின் குரல்களையும் இந்த ஆண்டுக்குள் பதிவுசெய்வோம். எந்த ஞாபகமும் ஒரு பெட்டிக்குள்ளோ ஒருவருடைய தலைக்குள்ளோ மட்டும் இருக்கக் கூடாது.

வடம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் முதல் அர்த்தம் தேர் வடம்தான். எவ்வளவு தடித்த வடமாக இருந்தாலும், பிடிக்க ஆள் இல்லாவிட்டால் தேர் முட்டியிலேயே நிற்கும். கடலடி வடத்தை இரண்டு நாடுகளும் பெரிய நிறுவனங்களும் சேர்ந்து கரைவரை கொண்டுவந்து தந்துவிட்டன. கரையிலிருந்து ஒரு பிள்ளையின் வாசல்வரை உள்ள தூரத்துக்கு வடம் பிடிக்க வேண்டியவர்கள் இந்த மண்டபத்திலும் அந்தத் திரைக்கு அப்பாலும் இருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்தபின் செயலாளர் அக்கா வாசலில் ஒரு கொப்பியோடு நிற்பார். பணம் எழுதுபவர்களுக்கு ஒரு பக்கம், நேரம் எழுதுபவர்களுக்கு ஒரு பக்கம். தூரத்தில் இருப்பவர்கள் சங்கத்துக்குத் தகவல் அனுப்புங்கள். இரண்டாவது பக்கம் முதலில் நிரம்பினால் மகிழ்வேன்.